மிஸ்ட், ரிவன் சிடிக்களை இன்றைய கணினியில் ஓட வைத்த அனுபவம்

உங்கள் வீட்டுப் பரணில் தொண்ணூறுகளின் சிடி விளையாட்டு ஏதாவது கிடந்து, அதை இப்போது எடுத்து ஆடிப் பார்க்கலாம் என்ற எண்ணம் வந்திருந்தால், கையிலிருந்து ஒரு ரூபாய் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மிஸ்ட், ரிவன் என்ற இரண்டு விளையாட்டுகளை என் மடிக்கணினியில் ஓட வைக்க எனக்கு ஒரு கோடைகாலமும் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேலும் ஆயின. அதில் உண்மையில் தேவைப்பட்ட செலவு கால் பங்குகூட இல்லை. வழி தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்திருக்கும் வேலை. எனக்குத் தெரிந்த வட்டத்தில் யாருக்கும் இது பற்றித் தெரியவில்லை. கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர்களோ, தெரியாது என்று சொல்வதற்குப் பதில் எதையாவது விற்றார்கள்.

இந்த விளையாட்டுகளைக் கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மிஸ்ட் 1993இல் வந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சயன் என்ற சின்ன நிறுவனத்தை நடத்திய ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் உருவாக்கியது. ஆளில்லாத ஒரு தீவில் நீங்கள் நிற்பீர்கள். சுடுவதற்குத் துப்பாக்கி கிடையாது, ஓடுவதற்குக் கடிகாரம் கிடையாது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்பவரும் கிடையாது. நெம்புகோல்களை இழுத்து, புத்தகங்களைப் படித்து, ஒலிகளைக் காதில் வாங்கி, அந்த இடம் எப்படி இயங்குகிறது என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அதன் அடுத்த கதையான ரிவன் 1997இல் ஐந்து சிடிக்களாக வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த என் சித்தப்பா இரண்டையும் 1999இல் வாங்கி வந்தார். மிஸ்டை எங்கள் வீட்டு பென்டியம் கணினியில் பாதிவரை ஆடினோம். ரிவனில் முதல் தீவைத் தாண்டுவதற்குள் பத்தாம் வகுப்புத் தேர்வு வந்தது, பிறகு கணினியே மாறிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கதையின் முடிவு எனக்குத் தெரியாமலே இருந்தது. யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அதைப் பற்றிய பேச்சைக்கூடத் தவிர்த்து வந்திருக்கிறேன். அவ்வளவு ஆசை.

முதல் தடை, மடிக்கணினியில் சிடி போடும் இடமே இல்லாதது. யுஎஸ்பியில் இணைக்கும் டிவிடி டிரைவ் ஒன்றை 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். இது வீண்செலவு அல்ல, கட்டாயம் வேண்டும். ஆனால் வாங்கியதும் அது வட்டைச் சுழற்றத் தொடங்கி, முனகி, நின்றுபோனது. மறுபடி சுழன்றது, மறுபடி நின்றது. வட்டுதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி மனம் உடைந்துபோனேன். உண்மையில் நான் டிரைவை இணைத்திருந்தது, ஒரு துளையைப் பல துளைகளாகப் பிரிக்கும் யுஎஸ்பி ஹப் ஒன்றில். தனி மின்சாரம் இல்லாத ஹப் இந்த டிரைவின் மோட்டாருக்குத் தேவையான மின்னோட்டத்தைத் தராது. கணினியின் சொந்தத் துளையில் நேராகச் செருக வேண்டும். டிரைவோடு இரண்டு முனை கொண்ட கம்பி வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். டிரைவ் பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மிஸ்ட் சிடி படித்தது. மகிழ்ச்சியோடு அதன் நிரலை இருமுறை சொடுக்கினேன். இந்த நிரல் உங்கள் கணினியில் இயங்காது என்று விண்டோஸ் கையை விரித்துவிட்டது. இணக்கப் பயன்முறை என்று ஒன்று இருக்கிறதே, விண்டோஸ் 95 போல நடிக்கச் சொல்லலாமே என்று அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நிர்வாகி உரிமை கொடுத்தேன், நிறங்களைக் குறைத்தேன். எதற்கும் அசையவில்லை. இந்த இடத்தில்தான் பலரும் மாலை மாலையாகத் தொலைக்கிறார்கள். ஆகவே காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மிஸ்டின் முதல் விண்டோஸ் பதிப்பு விண்டோஸ் 3.1 காலத்தது. அது 16 பிட் நிரல், அதாவது மிகப் பழைய தலைமுறைக் கணினிகளுக்காக எழுதியது. 32 பிட், 64 பிட் என்பவை அதற்குப் பின் வந்த தலைமுறைகள். 64 பிட் விண்டோஸ் எதுவும் 16 பிட் நிரலை ஓட்டாது. அதற்கான பகுதியே அதில் கிடையாது. பழைய 32 பிட் விண்டோஸ் 10 வரையில் அந்தப் பகுதி இருந்தது. விண்டோஸ் 11 வெளிவருவதே 64 பிட்டில் மட்டும்தான். ஆகவே இந்தச் செய்தி வந்தால் இணக்கப் பயன்முறையில் ஒரு நிமிடம்கூடச் செலவிட வேண்டாம். இன்னொரு கண்ணி: விளையாட்டு 32 பிட்டாக இருந்தும் அதை நிறுவும் செட்டப் நிரல் மட்டும் 16 பிட்டாக இருக்கும் சிடிக்கள் தொண்ணூறுகளின் நடுவில் ஏராளம். அவற்றில் விளையாட்டே ஓடாது என்று தோன்றும். உண்மையில் வாசற்கதவு மட்டும்தான் பூட்டியிருக்கும்.

அடுத்ததாக, கணினிக்குள் ஒரு பொய்க்கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸுக்குப் போனேன். பழைய அலுவலகக் கணினியோடு வந்த விண்டோஸ் எக்ஸ்பி வட்டு என்னிடம் இருந்தது. அதை உள்ளே நிறுவி, மிஸ்டையும் நிறுவினேன். ஓடியது! அந்தத் தீவின் துறைமுகம் திரையில் வந்தபோது உண்மையிலேயே எனக்குக் கண் கலங்கியது. அலை வந்து மரப்பலகையில் மோதும் ஓசையைக் கேட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த ஓசை நடுநடுவே வெட்டிக்கொண்டே இருந்தது. கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இங்கேதான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது இருக்கிறது. சண்டை விளையாட்டிலோ பந்தய விளையாட்டிலோ கோளாறு இருந்தால் கண்ணில் பட்டுவிடும். கார் நகராது, ஆள் சுவருக்குள் புகுந்துவிடுவார். புதிர் விளையாட்டில் கோளாறு தன்னைக் காட்டிக்கொள்ளாது. புதிரைப் போலவே வேடம் போட்டுக்கொண்டு நிற்கும். ஒரு பொத்தானை அழுத்தி எதுவும் நடக்கவில்லை என்றால், நான் தவறான வரிசையில் அழுத்தினேனா, வேறெங்காவது ஒரு விசையைத் திருப்ப வேண்டுமா, அல்லது இந்த நிரல் உடைந்திருக்கிறதா? உங்களால் சொல்லவே முடியாது. நல்ல புதிர் விளையாட்டு உங்களை நம்ப வைக்கும், விடை உங்கள் கண்முன்னே இருக்கிறது என்று. அந்த நம்பிக்கை போய்விட்டால் விளையாட்டே இல்லை.

மிஸ்ட் தீவில் ஒரு விண்கலம் நிற்கும். அதன் உள்ளே ஒரு முனையில் ஆர்கன் போன்ற விசைப்பலகை, மறுமுனையில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய ஐந்து தள்ளுவிசைகள். விசைப்பலகையில் கேட்ட சுரத்தை நினைவில் வைத்துக்கொண்டு நடந்து வந்து, தள்ளுவிசையை அதே சுரம் ஒலிக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஐந்தும் சரியாக இருந்தால்தான் வழி திறக்கும். நான் நிறுத்திப் பார்த்தேன், திறக்கவில்லை. மறுபடி முயன்றேன். எனக்கு சங்கீதம் தெரியாது என்பதால் குறை என் காதில்தான் என்று நம்பினேன். என் அக்கா பன்னிரண்டு ஆண்டுகள் வீணை கற்றவர். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாவது சுரத்தை வாயால் மெல்லப் பாடிப் பிடித்துக்கொண்டு தள்ளுவிசைக்கு வந்தார். பிறகு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “தம்பி, இது நடுங்குகிறது. ஒரே இடத்தில் வைத்தால் ஒரு தடவை சரியாக இருக்கிறது, அடுத்த தடவை பிசிறுகிறது. சுருதியே நிற்காத பெட்டியில் நான் எதை வைத்துச் சேர்ப்பது?” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொய்க்கணினியில் ஒலி வெட்டிக்கொண்டிருந்தது வெறும் அழகுக் குறைவல்ல. அங்கே ஒலிதான் விடை. இதே மிஸ்டில் செலனிடிக் என்ற உலகத்தில், இருட்டில் ஓடும் ஒரு வண்டியை ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்கும் ஓசையை வைத்தே திருப்ப வேண்டும். ரிவனில் மரத்தாலான கண்ணுருண்டைகளைத் திருப்பினால் ஒரு விலங்கின் ஒலி கேட்கும், அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். ரிவனின் கடைசிப் பகுதியில் நிறம் நிறமான கோலிக்குண்டுகள் வரும், அங்கே நிறமே விடை. நிறங்கள் பிசகினாலும் ஒலி பிசகினாலும் நீங்கள் ஆயுள் முழுக்க முயன்றாலும் தீராது. ஆகவே எந்த வழியில் ஓட வைத்தாலும், ஆடத் தொடங்கும் முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஒரு ஒலியைப் பலமுறை ஒலிக்கவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கேட்கிறதா என்று பாருங்கள். ஆள் பேசும் காட்சி ஏதாவது ஒன்றை ஓடவிட்டு, வாயசைவும் குரலும் சேர்ந்து போகின்றனவா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் புதிருக்குள் இறங்காதீர்கள்.

அந்தக் காட்சிகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மிஸ்ட், ரிவன் இரண்டும் ஆப்பிளின் குயிக்டைம் மூலம்தான் படக்காட்சிகளை ஓட்டின. பழைய குறிப்புகள் எல்லாவற்றிலும் குயிக்டைமை நிறுவுங்கள் என்றே எழுதியிருக்கும். விண்டோஸுக்கான குயிக்டைமை ஆப்பிள் 2016இல் கைவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், அதில் அடைக்கப்படாத பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பதால் அதை நீக்கிவிடும்படி அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவே அறிவுறுத்தியது. நீங்கள் வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் அதை நிறுவாதீர்கள். எக்ஸ்பி ஓடும் பொய்க்கணினிக்கும் இணைய இணைப்பு கொடுக்காதீர்கள். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014இலேயே நின்றுவிட்டது.

அக்காவோடு நடந்த அந்த மாலைக்குப் பிறகு, பழைய விளையாட்டுக்குப் பழைய கணினியே சரி என்று ஒரு கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, பயன்படுத்திய பென்டியம் 4 கணினி ஒன்றை 4,800 ரூபாய்க்கு வாங்கினேன். எல்லாம் சோதித்துவிட்டதாக உறுதியாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் நன்றாக ஓடியது. அதன்பின் தானாக அணைந்தது, மறுபடி ஏற்றினால் பாதியில் நின்றது. பெட்டியைத் திறந்து பார்த்தால், மதர்போர்டில் கணினியின் மூளையான செயலியைச் சுற்றி வரிசையாக நிற்கும் சின்ன உருளைகளில் நான்கின் தலை உப்பியிருந்தது. ஒன்றின் மேல் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்து கிடந்தது. அவை கெப்பாசிட்டர்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தயாரான பலகைகளில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் ஏராளமாகப் போய்ச் சேர்ந்து இப்படி உப்பி வெடித்தது உலகம் முழுக்கத் தெரிந்த கதை. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். அன்றிரவு எனக்கு வந்த கோபத்தில் தூக்கம் வரவில்லை. பழைய கணினி வாங்கத்தான் வேண்டும் என்றால், பணம் கொடுப்பதற்கு முன் பக்கப் பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். கடையிலேயே ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். திறந்து காட்டத் தயங்கும் கடையிலிருந்து வந்துவிடுங்கள். ஆனால் என் கருத்து, புதிர் விளையாட்டுகளுக்காக யாரும் பழைய கணினி வாங்கத் தேவையே இல்லை.

விடை கிடைத்தது ஒரு நண்பரின் மகள் மூலம். கல்லூரியில் படிக்கும் அந்தப் பெண் நான் புலம்பியதை முழுக்கக் கேட்டுவிட்டு, “மாமா, சிடியில் இருக்கும் புரோகிராமை ஏன் ஓட்டப் பார்க்கிறீர்கள்? படமும் ஒலியும் மட்டும் போதுமே” என்றாள். அவள் காட்டியது ஸ்கம்விஎம். 2001இல் இரண்டு பேர் தொடங்கி, இன்று தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து வளர்க்கும் இலவச மென்பொருள். லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தின் பழைய சாகச விளையாட்டுகளுக்காகத் தொடங்கியது, படிப்படியாகப் பல நிறுவனங்களின் விளையாட்டுகளுக்கும் விரிந்துவிட்டது. அது பழைய கணினியைப் போல நடிப்பதில்லை. விளையாட்டை ஓட்டும் இயந்திரத்தையே இன்றைய கணினிக்காகப் புதிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். சிடியில் உள்ள படங்கள், ஒலிகள், காட்சிகள், எந்த இடத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்ற விதிகள் இவற்றை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். பழைய பாட்டியின் சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இன்றைய அடுப்பில் சமைப்பது போல. 16 பிட் நிரலும் வேண்டாம், குயிக்டைமும் வேண்டாம், செட்டப்பும் வேண்டாம்.

கேட்டபோது எனக்கு மகிழ்ச்சியைவிட வருத்தமே முதலில் வந்தது, பென்டியம் 4 மேசைக்கடியில் கிடந்ததால். ஆனால் செய்து பார்த்தபோது எல்லாம் மறந்துபோனது. முறை இதுதான். மிஸ்டின் பழைய விண்டோஸ் சிடி என்றால், டாட் (.dat) என்று முடியும் கோப்புகள் எல்லாவற்றையும், கியூடிடபிள்யூ (QTW) என்ற பெயரில் இருக்கும் காட்சிக் கோப்புறையையும் கணினியில் ஒரு புதிய கோப்புறைக்குள் நகல் எடுங்கள். ரிவன் என்றால் ஐந்து வட்டுகளிலும் எம்எச்கே (.mhk) என்று முடியும் கோப்புகள் அனைத்தையும் ஒரே கோப்புறையில் சேருங்கள். அவற்றின் பெயர்களில் முதலெழுத்து ஒவ்வொரு இடத்தையும் குறிக்கும். ஒரே வட்டில் இரண்டு மூன்று கோப்புறைகளுக்குள் பிரிந்தும் இருக்கும், ஆகவே தேடுபெட்டியில் எம்எச்கே என்று தேடிவிடுவது நல்லது. முதல் வட்டில் ஆர்க்ரிவன் என்ற பெயரில், இசட் என்று முடியும் (arcriven.z) கோப்பு ஒன்று இருக்கும். பார்த்தால் நிறுவலுக்கு மட்டும் தேவைப்படும் குப்பை போலத் தெரியும். அதை விட்டுவிடாதீர்கள். கைப்பொருளாகத் திரையின் அடியில் தோன்றும் புத்தகங்களின் படங்களும், நான் சொன்ன கோலிக்குண்டுகளின் படங்களும் அதற்குள்தான் அடைபட்டிருக்கின்றன. பிறகு ஸ்கம்விஎம்மைத் திறந்து அந்தக் கோப்புறையைக் காட்டினால், இது ரிவன், இன்ன பதிப்பு என்று அதுவே கண்டுகொள்ளும். ஐந்து வட்டும் நிரம்பியிருந்தாலும் மொத்தம் மூன்றரை ஜிபிக்குள் அடங்கிவிடும். அந்நாளில் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குத் தண்டவாள வண்டியில் போகும்போதெல்லாம் வட்டை மாற்று என்று விளையாட்டு நிறுத்தும். இப்போது அந்தத் தொல்லை அறவே இல்லை. வண்டி கடலுக்கு மேலே பாய்ந்து, நீருக்குள் போய், அடுத்த தீவில் வந்து நிற்கிறது, இடையில் ஒரு தடங்கல் கிடையாது. இதே கோப்புறையை ஆண்ட்ராய்டு கைபேசியில் போட்டும் ஆடலாம், ஸ்கம்விஎம் அங்கும் உண்டு. ஆனால் ரிவனின் படங்களில் ஒவ்வொரு மூலையையும் உற்றுப் பார்க்க வேண்டும் என்பதால் பெரிய திரையே சரி.

திரையைப் பற்றி ஒன்று. ரிவனின் படம் 608க்கு 392 புள்ளிகள். அதை முழுத்திரைக்கு இழுத்து நீட்டினால் வட்டமான சக்கரங்கள் எல்லாம் முட்டை வடிவமாகிவிடும். ஸ்கம்விஎம் அமைப்புகளில் உயர அகல விகிதத்தைக் காக்கும் தேர்வு இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். அறை விளக்கை அணைத்துவிட்டால் அது கண்ணுக்கே தெரியாது.

எல்லாம் நன்றாகப் போனபோது ரிவனின் மூன்றாவது வட்டு படிக்கவில்லை. பாதி நகல் ஆனதும் பிழை. இணையத்தில் பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் ஐந்து வட்டுத் தொகுப்பு ஒன்றை 2,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். படத்தில் பளபளவென்று இருந்தது. வந்த பிறகு மூன்றாவது வட்டின் மேல்பக்கத்தில், பெயர் அச்சிட்ட பக்கத்தில், ஆழமான கீறல். அது என் வட்டைவிட மோசமாகப் படித்தது. விற்றவர் பதிலே தரவில்லை. சிடியைப் பற்றிப் பலரும் நினைப்பதற்கு நேர்மாறான உண்மை ஒன்று இதில் இருக்கிறது. தரவு இருக்கும் மெல்லிய படலம், நாம் பளபளப்பாகப் பார்க்கும் அடிப்பக்கத்தில் இல்லை. அது பெயர் அச்சிட்ட பக்கத்துக்கு அடுத்ததாக, மெல்லிய வார்னிஷுக்குக் கீழே இருக்கிறது. அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தடிமனான பிளாஸ்டிக் காவல் உண்டு, அங்கே விழும் கீறலை மெருகேற்றிப் போக்கிவிடலாம். மேல்பக்கக் கீறல் தரவையே சுரண்டி எடுத்துவிடும், அதற்கு வைத்தியம் இல்லை. பழைய சிடி வாங்கும்போது இரண்டு பக்கமும் படம் கேளுங்கள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஊசித்துளை போல வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். மேல்பக்கத்தில் பேனாவால் அழுத்தி எழுதவோ, ஸ்டிக்கர் ஒட்டிப் பிய்க்கவோ கூடாது. துடைக்கும்போது மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், சுற்றிச் சுற்றித் துடைக்காதீர்கள்.

என் சொந்த வட்டைக் காப்பாற்றியது அந்த உப்பிப்போன பென்டியம் 4தான். அதன் மதர்போர்டு போய்விட்டாலும் அதிலிருந்த சிடி டிரைவ் நன்றாக இருந்தது. ஒரே வட்டை ஒரு டிரைவ் கைவிடும், இன்னொரு டிரைவ் படித்துவிடும். ஒவ்வொன்றின் லேசரும் பிழை திருத்தும் திறனும் வேறு. பழைய மேசைக்கணினி டிரைவுகள் இந்த விஷயத்தில் இன்றைய மெலிந்த டிரைவுகளைவிடப் பிடிவாதமானவை என்பது என் அனுபவம். பழைய டிரைவை யுஎஸ்பியில் இணைக்கும் அடாப்டரை, தனி மின்சார இணைப்போடு, சென்னை ரிச்சி தெருவில் 700 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். இரவு முழுக்க டர் டர் என்று இழுத்து இழுத்துப் படித்து, காலையில் முழுக் கோப்பும் வந்துவிட்டது. எனவே ஒரு டிரைவ் படிக்கவில்லை என்பதற்காக வட்டைத் தூக்கி எறியவோ புதிதாக வாங்கவோ செய்யாதீர்கள். உறவினர், நண்பர் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கணினிகளின் டிரைவில் போட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் முடிந்த பின் தெரிந்த ஒன்றை, நீங்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். மிஸ்ட், ரிவன் இரண்டின் பழைய பதிப்புகளும் இன்று இணையக் கடைகளில் முறைப்படி விற்பனைக்கு இருக்கின்றன. தள்ளுபடிக் காலத்தில் சில நூறு ரூபாய்தான். வட்டு கெட்டுப்போனவர்களுக்கு அதுவே நேர்வழி, உருவாக்கியவர்களுக்கும் காசு போய்ச் சேரும். பழைய விளையாட்டுகளைத் தூசு தட்டி விற்பதற்கென்றே 2008இல் தொடங்கிய ஜிஓஜி கடையில் முதலில் தேடுங்கள். வாங்கும்போது பதிப்பை மட்டும் கவனியுங்கள். மிஸ்டுக்கு 2021இலும் ரிவனுக்கு 2024இலும் சயன் நிறுவனமே முழு முப்பரிமாணத்தில் புதிதாகச் செய்த பதிப்புகள் வந்திருக்கின்றன. அழகாகவே இருக்கின்றன. ஆனால் புதிய ரிவனில் புதிர்கள் பல மாற்றப்பட்டிருக்கின்றன, நடிகர்களைப் படம் பிடித்துச் சேர்த்த காட்சிகளின் இடத்தில் கணினி உருவங்கள் வந்துவிட்டன. நீங்கள் சிறுவயதில் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்றால் 1997 பதிப்பே வேண்டும். புதிதாக வருபவர் என்றால் புதியதில் தொடங்குவதில் தவறே இல்லை, கணினியில் நல்ல கிராபிக்ஸ் அட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ரிவனை ஆடிய மாலைகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. குழந்தைகள் படிக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் அதில் வரும். ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். மேசையில் ஒரு விளையாட்டுப் பொம்மை: இரண்டு பக்கமும் கயிற்றில் தொங்கும் இரண்டு சிறு மனித உருவங்கள், கீழே வாயைப் பிளந்தபடி திமிங்கிலம் போன்ற ஒரு மிருகம். பொம்மையை இயக்கினால் ஒரு குறியீடு தோன்றும், உருவம் அந்தக் குறியீட்டுக்கு ஏற்ற அளவு கீழே இறங்கும். கிளிக் கிளிக் என்று பல்சக்கரம் நகரும் ஓசையை எண்ணினால் அந்த ஊரின் எண்கள் உங்களுக்குப் புரிய வரும். எண்ணிக்கை கற்பிக்கும் பொம்மையே தண்டனையையும் கற்பிக்கிறது. அந்தத் தீவை ஆள்பவன் எப்பேர்ப்பட்டவன் என்று யாரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. இதை நானாக உணர்ந்த கணத்தில் எழுந்து அறைக்குள் நடக்கத் தொடங்கிவிட்டேன். வெட்டுப்படாத ஒலியில் அக்கா அந்த விண்கலச் சுரங்கள் ஐந்தையும் அரை மணி நேரத்துக்குள் சேர்த்துவிட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். மிஸ்டின் பெட்டியிலேயே அந்நாளில் குறிப்பெழுத ஒரு வெற்று நோட்டு வைத்துத்தான் விற்றார்கள். கைபேசியில் படம் எடுத்துவைப்பதைவிடக் கையால் வரைவது நல்லது. வரையும்போதுதான் இரண்டு குறியீடுகள் ஒன்றையொன்று திருப்பி வைத்தவை என்பது கண்ணில் படும். சிக்கிக்கொண்டால் முழு விடைகளையும் வரிசையாகத் தரும் பக்கங்களைத் திறக்காதீர்கள். குறிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக, கேள்வி கேள்வியாகத் திறந்து காட்டும் வழிகாட்டிகள் இருக்கின்றன. அவற்றில் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மற்ற விளையாட்டுகள் வைத்திருப்பவர்களுக்கும் சுருக்கமாகச் சில செய்திகள். உங்கள் விளையாட்டு ஸ்கம்விஎம்மின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1993இல் வந்த தி செவன்த் கெஸ்ட் போன்ற, விண்டோஸ் பரவுவதற்கு முன்பிருந்த டாஸ் இயங்குதளத்தின் காலத்து விளையாட்டுகளும் அதில் உண்டு. பட்டியலில் இல்லாத டாஸ் விளையாட்டுக்கு, பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள். அதில் செயலியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், இது முக்கியம். மெதுவான கணினிக்காக எழுதிய சில நிரல்கள் வேகமான கணினியில் தொடங்கும்போதே பிழை காட்டி நின்றுவிடும். பட்டியலில் இல்லாத விண்டோஸ் 3.1 விளையாட்டு என்றால் வைன்விடிஎம் என்ற இலவச மென்பொருள் 16 பிட் நிரல்களை 64 பிட் விண்டோஸில் ஓட்ட முயலும், பலவற்றில் வெற்றியும் பெறும். 2000ஐ ஒட்டி வந்த சிடிக்களில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டு இருக்கலாம். அந்தப் பூட்டை இயக்கும் டிரைவர் என்ற சிறு நிரல் பாதுகாப்புக்கு ஆபத்து என்று விண்டோஸ் 10இல் சேர்க்கப்படவே இல்லை, முந்தைய விண்டோஸ்களிலும் 2015இல் முடக்கப்பட்டது. உங்கள் சொந்த சிடி, சரியான சிடி, ஆனாலும் ஓடாது. அப்படிப்பட்ட விளையாட்டுக்கு இணையக் கடையில் வாங்குவதே மிச்சம். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் 2019இல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளம் முதல் 32 பிட் நிரல்கள் எதுவும் ஓடாது என்பதை நினைவில் வையுங்கள், ஆனால் ஸ்கம்விஎம் அங்கும் ஓடும்.

கடைசியாக, வட்டுகளை நகலெடுப்பது பற்றி. விளையாட உடனே நேரம் இல்லாவிட்டாலும் நகலை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள். வீட்டில் எழுதிய சிடி ஆர் வட்டுகளை முதலில் எடுங்கள். அச்சிட்டு வந்த வட்டுகளைவிட அவை சீக்கிரம் மங்கும். தரவு மட்டும் உள்ள வட்டுக்கு, வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுக்கும் ஐஎஸ்ஓ கோப்பு போதும். ஆனால் விளையாட்டின் இசையைப் பாட்டு சிடி போலத் தனித் தடங்களாக வைத்த வட்டுகளும் உண்டு. அவற்றை ஐஎஸ்ஓவாக எடுத்தால் இசை முழுக்க விட்டுப்போகும். அவற்றை பின் (.bin), க்யூ (.cue) என்று முடியும் இரட்டைக் கோப்பாக எடுக்க வேண்டும். வட்டை சாதாரண ஆடியோ பிளேயரில் போட்டுப் பாருங்கள், இரண்டாவது தடத்திலிருந்து இசை கேட்டால் அது இந்த வகை. எடுத்த நகலை இரண்டு தனித்தனி இடங்களில் வையுங்கள், பெட்டியின் உள்ளட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் படம் எடுத்து அதே கோப்புறையில் போட்டுவிடுங்கள். என் வீட்டில் அக்கா இப்போது ரிவனைத் தனியாகத் தொடங்கியிருக்கிறார். இரண்டாவது தீவில் இருக்கிறார், என்னை எதுவும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.